மூன்றாம் நம்பர் கத்தி

ஓசாகாபே கென்கிச்சி என்று பெயரை எடுத்தாலே எங்கள் ஊரில் எல்லோரும் அவருடைய கத்திகளைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும். நான் டிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். டிக்கெட்டை விட்டுவிட்டு அந்த மனிதரைச் சொல்ல முடியாது.

முப்பத்தாறு வருடம் எங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்று டிக்கெட்டில் ஓட்டை போட்டவர் அவர். என் ஊதோன் நூடுல்ஸ் கடைக்கு மாவு வாங்க வாரத்தில் இரண்டு நாள் ஒகாயாமாவுக்குப் போய்வருவேன். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. டிக்கெட்டைப் பார்ப்பார், தேதியைப் பார்ப்பார், ஊர்ப் பெயரைப் பார்ப்பார், ஓட்டை போடுவார். ஒரு நாள் அவருடைய சொந்த மனைவி தோமியே டிக்கெட்டை நீட்டினாள். ஓட்டை போட்டுவிட்டு, "அடுத்தவங்க" என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டு எங்க போயிருந்தே?" என்று அவளையே கேட்டாராம். இதைத் தோமியே என் கடையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். அதனால் எனக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

இப்படிப்பட்டவருக்குத்தான் பழைய குறுவாள்களின் மேல் ஆசை வந்தது. முழங்கை நீளம், கூடிப்போனால் அதற்கு மேல் நாலு விரல். இடுப்பில் பெரிய வாளுக்குத் துணையாகச் செருகிக்கொண்டார்களே, அந்தக் காலத்தில், அது. அவரிடம் பதினொன்று இருந்தது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியில், கத்தியைச் செய்த கொல்லன் உளியால் தன் பெயரையும் ஊரையும் வெட்டியிருப்பான். அந்த வாலைத் துடைக்கவே கூடாது, அதில் ஏறிய துருதான் கத்தியின் வயதுக்குச் சாட்சி. கென்கிச்சிக்கு உயிர் அந்த வாலில்தான். பெயர் இருக்கிறதா, ஊர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா. வேலையை விட்டு வந்த பிறகும் மனிதர் டிக்கெட்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றில் பத்து சும்மா. பதினொன்றாவதுதான் கானேதோரா. அறுநூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் பிசென் சீமையில் இருந்த கொல்லனாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் குசுமோதோ என்கிற ஒசாகா வியாபாரியிடம் வாங்கியது. கருப்பு அரக்கு உறை, அதில் தங்கத்தில் கொக்கு பறக்கும். கென்கிச்சி அதைக் 'கத்தி' என்று சொல்லமாட்டார். 'அவர்' என்பார். புது வருடத்தன்று முன்னோர் படத்துக்கு முன்பே அவருக்குத்தான் முதல் வணக்கம். வீட்டில் தெற்கு பார்த்த நல்ல அறை அவருக்கு. மகள் சாயோ படித்ததெல்லாம் அடுப்படியில். அந்த அடுப்படியிலும் ஆவி வரக்கூடாது, அவருக்கு ஈரம் ஆகாது. நாற்பது வயதுக்கு மேல் தோமியே மார்கழிக் குளிரில் கொல்லைப்புறத்தில் செங்கல் வைத்து முள்ளங்கி வேகவைத்தாள். பார்த்தவர்கள் அவள் ஏதோ வேண்டுதல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யாராவது வீட்டுக்குப் போனால் கானேதோராவைக் காட்டுவார். முதலில் குசுமோதோ எழுதிக்கொடுத்த சான்றிதழ். அதைக் கடைசி வரி வரை படித்துக் காட்டுவார். பிறகு கைப்பிடியைக் கழற்றி வாலில் இருக்கும் பெயர். அதை ஒரு பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாக. கடைசியில் கத்தி. அதுவும் எட்ட இருந்து, ஒரு மூச்சு விடும் நேரம்தான். "மூச்சு படும், மூச்சு படும்" என்று உறைக்குள் போட்டுவிடுவார். மேலே கிராம்பு எண்ணெய் அத்தனை தடவியிருப்பார். வறுத்த மீனைக் காட்டி மறைத்ததுபோல் இருக்கும்.

வீட்டில் பன்னிரண்டாவதாக ஒரு குறுவாளும் உண்டு. அவருடைய கணக்கில் அது வராது. தோமியே கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா கையில் கொடுத்தனுப்பிய காவல் கத்தி. அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது. அதன் வாலில் பெயர் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. தோமியே அதைப் பழைய துண்டில் சுற்றித் துணிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை, இலையுதிர் காலத்து வெயில் நாளில், எடுத்துத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி உள்ளே வைப்பாள். கென்கிச்சி அதைக் கல்யாணத்தன்று ஒரு தடவை பார்த்தார். அதுவும் உறையோடு. "பீச் பழம் சீவலாம்" என்றார். முப்பது வருடமாக அதே வார்த்தைதான்.

ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்ததே, அதற்கு மறுவருடம். நவம்பரில் சாயோவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது, ஹிமேஜியில் மாப்பிள்ளை. அந்தக் கத்தி சாயோவோடு போகவேண்டும் என்பது தோமியேவின் எண்ணம். அவள் வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

செப்டம்பரில் குசுமோதோ வந்தான். கானேதோராவுக்கு ஜோடியான நீள வாள், அதே கொல்லன் கை, தன்னிடம் வந்திருக்கிறதென்றான். பதிலுக்கு வேறொன்றும் வேண்டாம், வீட்டில் அம்மாவிடம் ஒரு பழைய கத்தி இருக்கிறதாமே, அதைக் கொடுத்தால் போதும் என்றான்.

கத்திச் சங்கம் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு என் கடை மாடியில்தான் கூடும். அன்று கூட்டம் முடிந்து கீழே எல்லோரும் ஊதோன் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது கென்கிச்சி இதைப் பெருமையாகச் சொன்னார். தோமியே எனக்கு ஒத்தாசையாகக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டேன், "ஏன்ணே, பீச் பழம் சீவுற கத்திக்காக அந்த ஆள் ரெண்டு ரயில் மாறி வரானா?"

"உனக்குப் புரியாது ஷிகே. அது என் மேல அவன் வச்சிருக்கிற மரியாதை."

பல் டாக்டர் கோயாமா நூடுல்ஸை வாயில் வைத்துக்கொண்டே, "அந்த மரியாதையை உறைக்குள்ள வச்சுக் குடுப்பானா, தனியாவா?" என்றார்.

தோமியே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அது சாயோவுக்குங்க."

"சாயோவுக்கு நல்லதா ஒரு தையல் மிஷின் வாங்கித் தரேன். அப்பன் பேர் தெரியாத பிள்ளையைக் கூட்டிட்டுப் போற மாதிரி பேரில்லாத கத்தியோட போவாளா அந்த வீட்டுக்கு?"

"எங்கம்மா குடுத்ததுங்க."

"யார் குடுத்தா என்ன, மட்டம்னா மட்டம்." பிறகு, நியாயவான் ஆயிற்றே, ஒரு யோசனை சொன்னார். "சரி, நான் சொன்னாத்தானே உனக்கு வலிக்குது. அடுத்த கூட்டத்துக்குக் கத்தி குடுக்கிற முறை என்னுது. அதையே வைப்போம். யார் கத்தின்னு சொல்லவேண்டாம். சங்கமே பாக்கட்டும். அன்னைக்கு இந்த மாடியில எந்தக் கத்தி மட்டம்னு முடிவாகுதோ, அது திங்கக்கிழமை ஒசாகா போகும். நல்லதுன்னு சொன்னா உனக்கு. எல்லாரும் சாட்சி."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஊதோன் தின்கிற வாய் எதற்கும் தலையாட்டும்.

அந்தக் கூட்டம் எப்படி நடக்குமென்று சொல்லவேண்டும். ஐந்து கத்திகளை வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைப்பார்கள். வால் தெரியாது, கைப்பிடியையும் துணி சுற்றி மறைத்துவிடுவார்கள். ஒவ்வொருவராக வந்து, கும்பிட்டு, கையில் எடுத்து, தொங்குகிற பல்புக்கு நேரே நீட்டிப் பார்க்கவேண்டும். கத்திக்கு முன்னால் வாய் திறக்கக்கூடாது, எச்சில் தெறித்தால் துரு. பார்த்துவிட்டு இது இன்ன கொல்லன் செய்தது என்று காகிதத்தில் எழுதுவார்கள். ஹாதா ஐயா, கத்தி தீட்டுவது அவர் தொழில், நடுவரும் அவரே, ஒவ்வொரு காகிதமாகப் பார்த்துப் பதில் சொல்வார். சரியென்றால் "பலிச்சுது". கொஞ்சம் தள்ளிப்போனால் "வழி சரி, ஊர் தப்பு". ஒன்றுமே இல்லையென்றால் "இல்லை". ஆயுளில் பாதியை இந்த 'இல்லை'யைக் கேட்கவே செலவழித்த பெரிய மனிதர்கள் எங்கள் ஊரில் ஏழு பேர் இருந்தார்கள்.

காகிதங்களை ட்ரேயில் வாங்கிக்கொண்டுபோய் ஹாதாவிடம் கொடுப்பது என் வேலை. எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் யார் எழுதியதையும் யாரிடமும் சொல்லிவிடமாட்டேன் என்று என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். என் வாழ்க்கையில் எழுத்துத் தெரியாததற்காகக் கிடைத்த ஒரே பதவி அது.

கூட்டத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, காலையில் தோமியே கையில் நீளமாக ஒரு மூட்டையோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"ஹாதா ஐயா வீட்டுக்குப் போறேன் அக்கா. ஒரு வாய் டீ குடுங்க."

மூட்டை ஓரத்தில் துணி கொஞ்சம் விலகியிருந்தது. தங்கக் கொக்கின் ஒரு சிறகு தெரிந்தது. நான் டீயைக் கீழே வைத்தேன்.

"அடியே, இது உன்னுது இல்லையே."

"என்னுதை ஏழு ஆம்பளைங்க கையில குடுத்துத் திட்டு வாங்க வைக்க மாட்டேன் அக்கா. எங்கம்மா தூங்க மாட்டாங்க."

"அதுக்கு இதை எடுத்துட்டு வந்துட்டியா?"

"அவர் என் சாமானை எப்படித் திட்டுவார்னு முப்பது வருஷமா எனக்குத் தெரியும். அதே வாயால இதைத் திட்டட்டுமே."

"கண்டுபிடிச்சிட்டா?"

தோமியே டீயைக் குடித்தாள். "கண்டுபிடிச்சிட்டார்னா, என் கத்தியை நானே தலையில வச்சு ஒசாகாவுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்" என்றாள். விலகிய துணியை இழுத்துக் கொக்கை மூடினாள். உறுதியாகச் சொன்னாளே தவிர, பயம் இருந்தது.

கத்தியோடு பதிவுச் சீட்டும் போகவேண்டும், அது அரசாங்கச் சட்டம். அதையும் கொண்டுபோயிருந்தாள். ஹாதா சீட்டைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதுதானாம்மா?" "இதுதாங்க ஐயா." அவ்வளவுதான். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவர் ஹாதா. அன்று அந்த எண்ணெயைத் துடைக்க அவருக்கு ஒன்பது தாள் ஆனதாம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஐந்து கத்திகளும் வரிசையில் இருந்தன. இரண்டு நீள வாள், ஒரு ஈட்டி முனை, ஒரு சின்னப் பிச்சுவா. முழங்கை நீளத்தில் இருந்தது மூன்றாம் நம்பர் ஒன்றுதான். கென்கிச்சி உள்ளே வந்ததுமே அதைக் கண்ணால் அளந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். யார் கத்தி என்று தெரியாமல் பார்க்கவேண்டும் என்று விதி போட்டவரே அவர்தான்.

மற்ற நாலையும் அவசரமாகப் பார்த்தார். மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தார். கும்பிட்டார். எடுத்தார். பல்புக்கு நேரே நீட்டி, அப்படிப் பார்த்தார், இப்படித் திருப்பிப் பார்த்தார், கண்ணருகே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். குற்றம் தேடுகிற மாமியார் புது மருமகளைப் பார்ப்பதுபோல் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அந்தக் கத்தியைப் பார்த்தது அன்றுதான் என்பேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். அவர் நகரவில்லை. தோமியே டீ ட்ரேயோடு படிக்கட்டின் தலைப்பில் நின்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

நான் காகிதங்களை வாங்கிக்கொண்டு ஹாதாவிடம் கொடுத்தேன். மூன்றாம் நம்பருக்கு டாக்டர் கோயாமா பக்கத்துச் சீமைக் கொல்லன் ஒருவனை எழுதியிருந்தாராம். "இல்லை" என்றார் ஹாதா. இன்னொருவருக்கும் "இல்லை". கென்கிச்சியின் காகிதத்தை எடுத்ததும் நிறுத்தினார்.

"ஓசாகாபே ஐயா, நீங்க பேரே எழுதலையே. 'பேர் எழுதத் தகுதியில்லாத கத்தி'ன்னு எழுதியிருக்கீங்க. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது? வாயால கொஞ்சம் விளக்குங்க."

இதற்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தார் மனிதர். எழுந்து நின்றார்.

"சொல்லத்தான் போறேன். முதல்ல இரும்பு. நல்ல கத்தின்னா இரும்புல மரத்தோட ரேகை மாதிரி ஓட்டம் தெரியணும். இதுல ஒண்ணுமில்ல. சோத்துப் பானை அடி மாதிரி இருக்கு. ரெண்டாவது முனை. ஒரு காலத்துல உடைஞ்சிருக்கு, யாரோ தேய்ச்சு வளைச்சு ஒப்பேத்தியிருக்கான். மூணாவதுதான் முக்கியம். கைப்பிடிக்குப் பக்கத்துல பாருங்க, வெள்ளையா புகை மாதிரி ஒரு கோடு சாய்வா மேல ஏறுது. தெரியுதா? இது தீப்பிடிச்ச வீட்டுல கிடந்த கத்தி. பதம் செத்துப் போச்சு. எவனோ எடுத்து மறுபடி காய்ச்சித் தண்ணியில முக்கி உயிர் இருக்கிற மாதிரி காட்டியிருக்கான். இது கத்தி இல்ல, பொணத்துக்குப் பவுடர் பூசின கதை."

டாக்டர் எழுந்துபோய்ப் பார்த்தார். "அட ஆமாம், புகை இருக்கு."

"இருக்கும். நான் பொய் சொல்லுவேனா? இதைக் கையில குடுத்து நல்ல கத்தின்னு ஒருத்தன் சொன்னான்னா அவன் திருடன். நம்பி வாங்கினான்னா அவன்" என்று கொஞ்சம் தேடி, "அவனுக்குக் கண்ணு முகத்துல இல்ல" என்றார்.

"ஒருவேளை வால்ல பேர் இருந்தா?" என்று கேட்டார் ஹாதா.

"இருந்தா அதுவும் பொய்ப் பேராத்தான் இருக்கும். இப்படிப்பட்ட உடம்புல எந்த மானமுள்ள கொல்லன் பேர் வெட்டுவான்?"

கூட்டத்தின் முடிவில் எல்லாக் கத்திக்கும் கைப்பிடியைக் கழற்றி வாலைக் காட்டுவது வழக்கம். ஹாதா அன்று மூன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தார். துணியைப் பிரித்தார். சின்னச் சுத்தியால் ஆணியைத் தட்டினார். கைப்பிடியை உருவிவிட்டு வாலைக் கென்கிச்சியின் பக்கம் திருப்பினார்.

"நீங்களே படிங்க ஐயா. இந்த எழுத்தை உங்களைவிட நல்லாப் படிக்கிறவங்க யாரும் இல்ல."

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் படிக்கத் தெரிந்தது. பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டுப் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தவர் முகம். வாயைத் திறந்தார். எச்சில் தெறிக்குமே என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் டாக்டர்தான் எட்டிப் பார்த்து, "பிசென் சீமை, கானேதோரா" என்று படித்தார். படித்த பிறகுதான் அவருக்கும் புரிந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

கென்கிச்சி படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "ஏய். எதைக் கொண்டுபோய்க் குடுத்தே?"

தோமியே ட்ரேயைக் கீழே வைத்தாள். "எது என்னுது, எது உங்களுதுன்னு பார்த்ததும் உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழு பேரும் தங்கள் தங்கள் வீட்டுக் கத்தியை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது என் கருத்து.

ஹாதா தொண்டையைச் செருமினார். "ஓசாகாபே ஐயா சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. இரும்பு, முனை, அந்தப் புகைக் கோடு, பேர் உள்பட. பலிச்சுது. இன்னைக்கு முதல் பரிசு அவருக்கு." பரிசு ஒரு பெட்டி மஸ்கட் திராட்சை. என் கையால்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார், இருபது வருடத்தில் முதல் தடவை ஜெயித்திருக்கிறார்.

படியிறங்கும்போது டாக்டர் விடவில்லை. "அண்ணே, இந்த மாடியில மட்டம்னு முடிவாகிறது திங்கக்கிழமை ஒசாகா போகும்னீங்க. நாங்க எல்லாரும் சாட்சி."

திங்கட்கிழமை குசுமோதோ வந்தான். எனக்கு அவர்கள் வீட்டில் வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் தோமியேவுக்கு ஊறுகாய் கொடுக்கப் போனேன். கென்கிச்சி கொக்குப் போட்ட உறையை அவன் முன்னால் வைத்தார்.

"ஜோடி வேணாம். இதை எடுத்துக்கிட்டு வேற நல்லதா ஒண்ணு குடு."

குசுமோதோ உறையைத் தொடவே இல்லை. "இப்ப குறுவாளுக்குக் கிராக்கி இல்லைங்களேண்ணே."

"நீ எழுதிக் குடுத்த சான்றிதழ் இருக்கு."

அவன் வாங்கிப் படித்தான். கடைசி வரி வரை படித்தான். "இது எங்கப்பா எழுதினதுண்ணே. எங்கப்பாவுக்கு வயசான காலத்துல கண்ணு சரியில்ல."

"அப்ப உனக்குக் கண்ணு சரியா இருந்துச்சில்ல?"

"நான் சின்னப் பையன்ணே அப்ப" என்றான். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது. பிறகு தோமியேவைப் பார்த்து இளித்தான். "அம்மாவோட கத்தியை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டுப் போறேனே."

கென்கிச்சி எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் செய்த காரியங்களில் நான் மனதாரப் பாராட்டுவது அது ஒன்றைத்தான். "அது என் பொண்ணோடது. ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்றார். ரயில் நேரம் அவருக்குத் தப்பாது.

நவம்பரில் சாயோ போனாள், கத்தியும் போனது. கல்யாணத்தன்று காலையில் ஹாதா அதை உருவிப் பார்த்தார். யார் செய்ததென்று நான் கேட்டேன். "தெரியாது. நல்ல கத்தி" என்றார்.

கென்கிச்சி திருந்திவிட்டார் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. இரண்டு மாதம் சங்கத்துக்கு வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தார். ஊதோன் தின்னும்போது, வெளியூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு தடவை பொய்க் கானேதோரா ஒண்ணு கூட்டத்துக்கு வந்துச்சு. ஏழு பேர்ல கண்டுபிடிச்சது நான் ஒருத்தன்தான். வேணும்னா ஹாதாவைக் கேளுங்க." யாருடைய கத்தி என்று அந்தப் புது ஆள் கேட்டதற்கு, "யாரோ பாவம் ஏமாந்தவன்" என்றார். டாக்டருக்குப் புரை ஏறி நான் முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

அந்த ஏமாந்தவனின் கத்தி இப்போது பழைய துண்டில் சுற்றித் துணிப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. புது வருட வணக்கம் முன்னோருக்குத்தான். தோமியே அடுப்படிக்குள்ளேயே முள்ளங்கி வேகவைக்கிறாள், ஆவி வீடு முழுக்கப் போகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு, கூட்டத்துக்குக் கிளம்புமுன் அவர் அலமாரியைத் திறந்து பத்தும் இருக்கிறதா என்று பார்க்கிறார். துணிப் பெட்டியையும் தூக்கிப் பார்க்கிறார்.

"எல்லாம் இருக்குங்களா?" என்பாள் தோமியே ஆவிக்குள்ளிருந்து.

"இருக்கு."

"நல்லாப் பார்த்தீங்களா?"

போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போவார்.